கோட்டைக்குள் இருந்த சனம்

சிவமயம்

நல்லூர்,
14.02.1993

அன்புள்ள தம்பி பஞ்சலிங்கத்துக்கு,

கந்தன் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் குளிருக்குள் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன்.

உன் படத் தபாலட்டை தை முடியும்போது வந்து சேர்ந்தது. கொழும்பில் கிடந்து, கப்பலில் கிடந்து, மூலையெல்லாம் மடிந்துபோய் வந்தது. பின்பக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குளிர். வேலை இன்னும் இல்லை. படத்தில் உள்ளது இந்த ஊர்க் கோட்டை." இவ்வளவுதானா? தந்தி அடிக்கிறாயோ?

அடே, பள்ளிக்கூடத்திலும் ரியூட்டரியிலும் எத்தனை வருடமாக நான் ஐரோப்பிய வரலாறு படிப்பிக்கிறேன்! மலை உச்சியில் கோட்டை, மதில், நடுக்கோபுரம் என்று கரும்பலகையில் கீறிக் கீறியே என் கை தேய்ந்தது. ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பண்ணையடியில் இருந்த ஒல்லாந்தர் கோட்டை. அதுவும் இப்போது கல்லுக்குவியல். நீ இரண்டு வருடமாக ஒரு கோட்டையின் காலடியில் படுத்தெழும்புகிறாய். ஒருதரமாவது மேலே ஏறினாயா, சோம்பேறி?

பக்கத்து வீட்டுச் சின்னாச்சியக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "உது பஞ்சுவின்ரை வீடோ பிள்ளை? போன கையோடை பெரிசாக் கட்டிப்போட்டான்" என்கிறா. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். அவவுக்கும் ஒரு சந்தோசம் வேண்டாமா?

ஏறிப் பார்த்து எழுது. தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள்? எதிரி சுற்றி வளைத்தபோது உள்ளே இருந்த சனம் என்ன சாப்பிட்டது? விளக்குக்கு என்ன செய்தார்கள்? இங்கே மண்ணெண்ணெய்க்குப் படும் பாட்டில் எனக்கு அதை அறிய ஆசையாக இருக்கிறது. சாவகச்சேரி மாமாவுக்கு இருமல் விட்டபாடில்லை. வெளிச்சம் போகமுன் முடிக்கிறேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அக்கா பத்மாவதி

—

றோட்டன்பாக், ஜெர்மனி
20.04.1993

என் அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்தது. நானும் சுகமாகத்தான் இருக்கிறேன், பல்லுவலி ஒன்றைத் தவிர.

ஏறினேன், போதுமா? அகதி வழக்கு முடியும்வரை இந்த மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லை. நல்லவேளை, உங்கள் கோட்டை எல்லைக்குள் இருக்கிறது. வழி முழுக்கச் சறுக்கல். என் சப்பாத்து மலையேறுவதற்குச் செய்ததில்லை. மேலே போனால், கோட்டையைப் பார்க்க வந்த சனம் எல்லாம் என்னைத்தான் பார்த்தது. ஒரு சின்னப் பிள்ளை தாயின் பாவாடையை இழுத்து என்னைக் காட்டியது.

எழுநூறு வருடப் பழைய கோட்டையாம். சுற்றிக்காட்டுகிற மனிசி நல்லவ, ஆனால் பாய்ந்து பாய்ந்து கதைக்கிறா. எனக்குப் பாதிதான் விளங்கியது. முற்றத்தில் ஒரு கிணறு. பாறையைக் குடைந்து மலையின் அடிவரை தோண்டியிருக்கிறார்கள். அவ ஒரு குவளை தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டு விரலை வாயில் வைத்தா. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். நான் இனிச் சத்தம் வராது என்று நினைத்துத் திரும்பும்போதுதான் அடியிலிருந்து 'சளார்' என்று கேட்டது. விளக்குக்கு ஆட்டுக்கொழுப்பு. நீங்கள் சைவம், உங்களுக்கு உதவாது.

அக்கா, ஒன்று கேட்கவேண்டும். நான் கொழும்பில் வேலைக்கு இன்டர்வியூ என்று, ஊரைவிட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவன். திரும்பி வருவான் என்று எனக்காக மாமா பிணை நின்றார். நான் வரவில்லை. போனவன் வராவிட்டால் பிணை நின்றவருக்கு என்றைக்கும் பாஸ் இல்லை என்று இங்கே பொடியள் சொல்கிறார்கள். அந்த வயதில் மனுசனைக் கூப்பிட்டு வெருட்டுகிறார்களா? மறைக்காமல் எழுதுங்கள்.

இங்கே கதைக்க ஆள் இல்லை. என் அறையில் இருப்பவன் கானா நாட்டுக்காரன். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தே காலத்தைப் போக்குகிறோம்.

அன்பு மாறாத,
பஞ்சு

—

சிவமயம்

நல்லூர்,
11.07.1993

அன்புள்ள தம்பிக்கு,

இதை ஆறுதலாக இருந்து வாசி. நான் சுகம். ஆனால் நமசிவாயம் மாமா வைகாசியில் காலமாகிவிட்டார். நெஞ்சுச்சளி என்றார்கள். சாவகச்சேரி ஆசுப்பத்திரியில் வைத்திருந்தோம். கொடுக்க மருந்து இருக்கவில்லை. கடைசிவரை அறிவோடு இருந்தார். "பஞ்சு சாப்பிடுறானோ?" என்று கேட்டார். ஓம் மாமா என்றேன். எல்லாக் காரியமும் ஒழுங்காக முடிந்தது. நீ அங்கே தலைமுழுகிவிட்டு ஒரு நேரம் மரக்கறி சாப்பாடு சாப்பிடு, அது போதும்.

அவரை ஒருவரும் வெருட்டவில்லை. அதை நினைத்து நீ அழவேண்டாம்.

உன் கிணற்றுக் கதையை வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் உன்னைப்போலவே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். பிறகு இராசாத்தி என்ற வாயாடி எழும்பி, "ரீச்சர், அவையளுக்குச் சவர்க்காரம் இருந்ததோ?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. இங்கே பனம்பழக் களியில் உடுப்புத் தோய்க்கிறோம், என் சேலையெல்லாம் பனாட்டு மணம். கேட்டு எழுது. முற்றுகைக் காலத்தில் உள்ளேயிருந்து ஆட்களை வெளியே விட்டார்களா, விட்டால் யாரை விட்டார்கள் என்பதையும் கேள்.

பல்லைக் கவனி. உப்புத் தண்ணீரால் கொப்பளி.

அக்கா

—

றோட்டன்பாக்
26.09.1993

அன்புள்ள அக்கா,

மாமாவின் செய்தி வாசித்த அன்று வேலைக்குப் போகவில்லை. ஓம், எனக்கு வேலை கிடைத்துவிட்டது, பேக்கரியில். தலைமுழுகி, சோறும் பருப்பும் சமைத்து அவர் பெயரில் ஒரு பிடி யன்னலில் வைத்தேன். இங்கே காகம் வருவதில்லை. ஒரு புறா வந்து தின்றது.

இப்போது நல்ல செய்தி. என்னை அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! பயணப் புத்தகம் கையில் வந்துவிட்டது. இலங்கைக்கு மட்டும் போக முடியாது. இந்தியாவுக்கு வரலாம். அக்கா, அடுத்த ஆனியில் நான் திருச்சிக்கு வருகிறேன். நீங்கள் கொழும்புக்கு வந்து பிளேன் ஏறினால் சரி, ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஒரு மாதம் ஒன்றாக இருப்போம்.

சொல்லவே கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். மாமா இருந்திருந்தால் என்னால் அவருக்குத்தான் கரைச்சல். இப்போது என்னால் ஒருவரும் அங்கே மாட்டுப்பட்டிருக்கவில்லை. உங்கள் வயதுப் பெண்களுக்குப் பாஸ் கொடுக்கிறார்களாம். நாளைக்கே போய்க் கேளுங்கள்.

சனத்தை வெளியே விட்டார்களாம், கோட்டை மனிசி சொன்னா. சண்டை பிடிக்கத் தெரியாதவர்களை, சாப்பாடு மிச்சம் பிடிக்கலாம் என்று. வெளியே நின்ற எதிரி அவர்களைத் தாண்ட விடவில்லையாம். மதிலுக்கும் எதிரிக்கும் நடுவில் புல்லைத் தின்றுகொண்டு கிடந்ததுகளாம். சவர்க்காரத்தைக் கேட்க வெட்கமாக இருந்தது.

ஆனியை எண்ணிக்கொண்டிருக்கும்,
பஞ்சு

—

சிவமயம்

நல்லூர்,
19.12.1993

அன்புள்ள தம்பிக்கு,

மழைக்காலத்து மூட்டுவலியைத் தவிர நலம். உனக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்ததற்கு கந்தனுக்கு அருச்சனை செய்தேன். சின்னாச்சியக்காவுக்குக் கற்கண்டு கொடுத்தேன். "ஏன் பிள்ளை, உனக்கென்ன கலியாணம் சரிவந்திட்டுதோ?" என்றா. அந்த வாயை என்ன செய்வது!

திருச்சிக்கு வருவது பற்றி யோசிப்போம். ஆனியில் என் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனை கிட்டிவிடும். இடையில் விட்டுவிட்டு வந்தால் நன்றாக இராது. பசுவும் கன்று போடும் நிலையில் நிற்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது ஆராவது குடியிருப்பார்கள். இடம்பெயர்ந்த சனம் அவ்வளவு. அடுத்த வருடம் பார்க்கலாம். நீ ரிக்கற் கிக்கற் எடுத்துவிடாதே.

கோபுரத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நடுக்கோபுரத்துக்கு நிலத்தில் வாசல் இல்லை, ஆளுயரத்துக்கு மேலே வாசலை வைத்து ஏணியை உள்ளே இழுத்துவிடுவார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. உண்மையா? சுவர் எவ்வளவு தடிப்பு? மேலேயிருந்து பார்த்தால் எவ்வளவு தூரம் தெரிகிறது? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கம்பளி உடுப்பைப் போடு.

அக்கா

—

றோட்டன்பாக்
06.02.1994

அக்காவுக்கு,

சுகம் விசாரித்துப் பெரிதாக எழுத மனம் இல்லை. இருக்கிறேன்.

பசு கன்று போடுகிறதாம். நானும் உங்கள் கூடப்பிறந்தவன்தானே? பசுவுக்கு உள்ள இடம் எனக்கு இல்லையா? விடிய எழும்பிப் பாண் போடுகிறேன், மத்தியானம் வந்து படுக்கிறேன், எழும்பினால் இருட்டு. கானாக்காரனும் வேறு ஊருக்குப் போய்விட்டான். தைப்பொங்கலன்று மின்னடுப்பில் பொங்கினேன், பொங்கி வழிந்தபோது என்னை அறியாமல் "அக்கா, பொங்கிட்டுது" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறைக்காரி வந்து கதவைத் தட்டினா. ரிக்கற் எடுத்துவிட்டேன். ஆனி முதலாம் கிழமை திருச்சியில் நிற்பேன். வருவதும் வராததும் உங்கள் பாடு.

கோபமாக இருந்தாலும் நீங்கள் கேட்டதைப் பார்க்காமல் விடவில்லை. பனி கொட்டிய நாளில் போனேன், என்னையும் அந்த மனிசியையும் தவிர ஒருவரும் இல்லை. கோபுர வாசல் மேலேதான், உண்மை. இப்போது இரும்பு ஏணி போட்டிருக்கிறார்கள். சுவருக்குள் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவு தடிப்பு.

மேலே ஒரு அறை இருக்கிறது. ஒரு கதை சொன்னா. இந்தக் கோட்டைக்காரன் பக்கத்து நாட்டு வீரன் ஒருவனைப் பிடித்து வைத்திருந்தானாம். தகப்பன் சாகக் கிடக்கிறார், பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் கெஞ்ச, உனக்குப் பதிலாக ஒருவரை இருத்திவிட்டுப் போ என்றானாம். அவனுடைய சகோதரி வந்து இருந்தாளாம். அவளுக்குப் பூட்டு இல்லை, விலங்கு இல்லை. சாப்பாட்டு மேசையில் மரியாதையான கதிரை. ஆனால் வாசலைத் தாண்டக் கூடாது. அவன் திரும்பி வரவேயில்லை. அவள் அங்கேயே கிழவியாகிச் செத்தாளாம். பெயர் என்ன என்று கேட்டேன். அவளுடைய பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லையாம். தமையனின் பெயர் மட்டும் அவனுடைய ஊர்க் கோவிலில் கல்லில் இருக்கிறதாம். வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பஞ்சு

—

சிவமயம்

நல்லூர்,
02.05.1994

தம்பிக்கு,

நலம். பசு நாம்பன் கன்று போட்டது.

கடிதம் பங்குனியிலேயே வந்துவிட்டது. பதில் எழுதப் பிந்திவிட்டது, வேலை கூடிவிட்டது. அந்த அறைக் கதையை நான் வகுப்பில் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் அது வராது.

திருச்சிக்கு என்னைப் பார்த்திருக்காதே. வர வசதிப்படாது. கோபிக்காதே, ராசா.

அக்கா

—

திருச்சி
17.06.1994

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கையில் கிடைத்த பிறகும் வந்தேன். மனம் மாறி வந்து இறங்கினால், கூட்டிப்போக ஆள் இல்லாமல் நிற்பீர்களே என்று நினைத்தேன். கொழும்புப் பிளேன் வருகிற நாளெல்லாம் விமான நிலையத்துக்குப் போனேன். கதவால் ஆட்கள் வருவார்கள், எங்கடை சனம், எங்கடை கதை, பெட்டியைக் கட்டிய கயிறுகூட எங்கடை கயிறு. கதவு மூடினபிறகும் கொஞ்சநேரம் நிற்பேன். ஓட்டோக்காரனுக்கே என்னைப் பார்த்துப் பாவமாகப் போய்விட்டது. "மலைக்கோட்டைக்குப் போங்க சார், மனசு லேசாகும்" என்று கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

இதுவும் ஒரு மலைக்கோட்டைதான், அக்கா. பாறையின் உச்சியில் பிள்ளையார் இருக்கிறார். கும்பிட்டுவிட்டுக் காற்றுக்கு இருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா மகளை ஏசிக்கொண்டிருந்தா, கேட்டவுடனே எங்கடை ஆள் என்று தெரிந்தது. சிவக்கொழுந்து என்று பெயர். நல்லூர், கோவிலடி. மூத்த மகள் உங்களிடம் படித்தவளாம். நான் யார் என்று சொன்னேன். ஏன் என் அக்காவுக்கு மட்டும் வர மனமில்லை என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டேன்.

அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "என்ன தம்பி கதைக்கிறீர்? பத்மா ரீச்சர் எப்பிடி வருவா? உமக்குப் பிணை நிண்டது அவாவெல்லோ! மாசம் மாசம் பாஸ் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைச்சிட்டு வாறவா. ஊருக்கே தெரியும். உமக்குத் தெரியாதோ?"

மாமா இல்லையா? நீங்களா? அந்த அறைக் கதையை உங்களுக்கு எழுதினேனே, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதினேனே! என்னைச் செருப்பாலே அடிக்க வேண்டும். பசு, சோதனை, வீடு என்று நீங்கள் எழுதினதையெல்லாம் நம்பி உங்களோடு கோபித்தேன்.

முடிவு எடுத்துவிட்டேன். இந்த மாத முடிவுக்குக் கொழும்பு ரிக்கற் போட்டிருக்கிறேன். கிளாலிக் கடலால் வள்ளம் ஏறி வந்து, நான் வந்துவிட்டேன் என்று அந்தக் கந்தோரில் நிற்பேன். பிறகு அவர்கள் உங்களை விடத்தானே வேண்டும்? பயணப் புத்தகம் போனால் போகட்டும். இந்தக் கடிதத்தை யாகப்பு அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். குருநகர் ஆள், சாமான் வாங்க இங்கேயும் அங்கேயும் போய் வருகிறவர். பதில் எழுதவேண்டாம். வாறன்.

உங்கள் தம்பி,
பஞ்சலிங்கம்

—

நல்லூர்,
23.06.1994

பஞ்சு,

நில். ரிக்கற்றைத் திருப்பிக் கொடு. மிச்சத்தைப் பிறகு வாசி.

யாகப்பு விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறார். இன்றைக்கே கிளாலிக்குத் திரும்புகிறாராம். கொழும்பில் பிளேன் ஏறும் ஆளிடம் இதைக் கொடுத்து, நீ வெளிக்கிடமுன் உன் கையில் சேர்ப்பிக்கிறேன் என்று அந்தோனியார் மேல் ஆணையிட்டிருக்கிறார். அவர் குடித்து முடிக்கமுன் நான் எழுதவேண்டும். சுகம் விசாரிக்க நேரமில்லை.

ஓம், நான்தான். மாமா வந்தவர்தான், கையெழுத்து வைக்கவென்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தவர். ஒரே வீட்டில் இருக்கிற ஆள்தான் பிணை நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உனக்குச் சொல்லக்கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கினேன். சொல்லியிருந்தால் நீ படலையைத் தாண்டியிருக்க மாட்டாய். எனக்கு உன் குணம் தெரியாதா?

இப்போது வந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாய்? கொழும்பில் இறங்கினால் ஆமி பிடிக்கும். கடல்நீரேரியில் நேவி சுடும். அதையும் தாண்டினால் இங்கே இயக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும். உன்னைக் கொடுத்துவிட்டு நான் திருச்சிக்குப் போய் ஆருடைய முகத்தைப் பார்க்கிறது?

எனக்கு ஒரு குறையும் இல்லை என்று உனக்கு எழுதினதெல்லாம் பொய். தனியாக இருந்து பழகவில்லை. ஒருவருக்குச் சமைக்க மனம் வராமல் பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுக்கிற நாள்தான் அதிகம். வகுப்பில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், அடுத்த நாள் காலைவரை என் குரலை நானே கேட்பதில்லை. உன்னைப் பார்க்கவேண்டும் என்று குசினிக்குள் இருந்து வாய்விட்டு அழுதிருக்கிறேன். கோட்டை, கிணறு, சுவர்த் தடிப்பு என்று நான் கேட்டதெல்லாம் உன் கடிதம் இன்னும் ஒரு பக்கம் நீளட்டும் என்றுதான். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை நீ பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறாய். நீ சொல்லிவிட்டு வராமல் விட்டதால் நான் அகப்பட்டுப்போனேன் என்று நினைக்கிறாய். இல்லையடா, விசரா. கந்தோர் மேசையில் இருந்தவன் என்னிடம் படித்த பிள்ளை. "ரீச்சர், தம்பி திரும்பி வருவார்தானே?" என்று கேட்டான். "ஓம், கட்டாயம் வருவான்" என்றேன். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். வரக்கூடாது என்றுதான் கையெழுத்தே வைத்தேன். மாதம் மாதம் அவன் அதையே கேட்கிறான், நானும் கண்ணைப் பார்த்து அதையே சொல்கிறேன். பிள்ளைகளுக்கு உண்மை படிப்பிக்கிற நான் இவ்வளவு காலமாகக் கட்டிக்காக்கிற ஒரே பொய் அது.

யாகப்பு கோப்பையை வைத்துவிட்டார். ராசா, நீ வந்து அதை உண்மையாக்கிப்போடாதை.

அக்கா